அந்த ஆணிச் சத்தம் எங்கே?

முதல் ஆல்பக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எதையாவது, எதை வேண்டுமானாலும், "இப்போ ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவையுங்கள். மூன்று பேர் தலையாட்டுவார்கள். நாலாவது ஆள் ஆட்டமாட்டார். கண்ணை லேசாக இடுக்கி, ஒரு 'உச்' கொட்டி, நெருங்கிய சொந்தக்காரர் யாரோ சீரழிந்துபோன சேதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "ஆரம்பத்துல நீங்க பார்த்திருக்கணும்" என்பார். அவர்தான்.

பேச்சு எதைப் பற்றி என்பது அவருக்கு முக்கியமே இல்லை. முடிதிருத்தும் கடையென்றால், ஒற்றை நாற்காலியோடு இருந்த காலத்தில்தான் அங்கே முடி வெட்டினார்கள்; இப்போது சும்மா கத்தரியை ஆட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையென்றால், தவழ்ந்த நாளில் இருந்த சுறுசுறுப்பு நடக்க ஆரம்பித்த பிறகு காணோம். சூரியன் முதன்முதலாக உதித்த அன்று இவர் இருந்திருந்தால், மறுநாள் காலையிலேயே கிழக்கே பார்த்து உச்சுக் கொட்டியிருப்பார். "நான் குறை சொல்லல" என்று ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்தால் அரைமணி நேரத்துக்குக் குறை மட்டும்தான் வரும் என்று பொருள்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவரைப் பார்ப்போம். கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவர். அங்கே அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ளமாட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் வேலை ஒன்றே ஒன்றுதான். நோயாளியின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, "முதல்ல வச்சதா, ரெண்டாவதா? எதுல எழுத்து தெளிவா இருக்கு?" என்று கேட்பது. "ரெண்டாவதுதான் சார்" என்று நோயாளி சொன்னால், சொன்னபடி எழுதிக்கொள்வார். தொழிலில் சுத்தமான மனிதர். ஆனால் எழுதும்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம்.

லென்ஸ்காரரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டீச்சருக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைப்பவன், அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டை மட்டும் இன்றுவரை ஓடவைத்ததில்லை. அதனால் மூன்றாவது மாடிக்கு எல்லோரும் படியேறித்தான் போகவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் இவனும், பிரசவ வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸும், பேக்கரியில் ரொட்டி சுடும் ஒருவனும் சேர்ந்து 'மூணாவது மாடி' என்று ஒரு ஹிப் ஹாப் குழு ஆரம்பித்தார்கள். மெக்கானிக் எழுதுவான், பாடுவான். நர்ஸ் மூச்சு விடாமல் பாடுவாள். மற்றவர்களை "மூச்ச இழுத்து விடுங்க" என்று அதட்டுகிற வேலை பார்ப்பவளுக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தாளமும் மற்ற சத்தங்களும் பேக்கரிக்காரன் பொறுப்பு.

மெக்கானிக்கின் வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. லிஃப்டுக்குள் நின்று வேலை பார்க்கவேண்டிய பையன் தெருவில் நின்று கத்துகிறானே என்று அப்பா பேசுவதை நிறுத்தினார். அம்மா அழுவதை நிறுத்தவில்லை. அப்போது இந்தக் குழுவுக்குத் தன் வீட்டின் பின்பக்க அறையைத் திறந்துவிட்டவர் லென்ஸ்காரர்தான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடவேண்டும், மனிதர் நல்லவர். அந்த அறையில், ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, தலைக்குமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரே ஒரு மைக்கில் மூன்று பேரும் வியர்வை சொட்டச் சொட்டப் பாடிப் பதிவு செய்ததுதான் முதல் ஆல்பம். பெயர் 'படிக்கட்டு'.

இணையத்தில் ஏற்றிய முதல் மாதத்தில் அதை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருந்தார்கள். அதில் நூற்று நாற்பது லென்ஸ்காரரே கேட்டது. மிச்சத்தையும் ஏறக்குறைய அவர்தான் பிடித்துக்கொடுத்தார். எப்படி என்கிறீர்களா? கண்ணில் சொட்டு மருந்து விட்டால் இருபது நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது. வரிசையாக பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு, எழுந்து ஓட வழியில்லாமல் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கலைக்கு இதைவிட வசதியான ரசிகர்கள் எங்கே கிடைப்பார்கள்? போனை எடுத்து பெஞ்சின் நடுவில் வைத்துவிடுவார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் நாலாவது பாட்டின் நடுவில், "ரொம்ப நல்லா இருக்கு தம்பி, கண்ணைத் திறக்கலாமா?" என்று கேட்டார். அதையும் அவர் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

அந்த நாலாவது பாட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அதன் நடுவில் ஓர் ஆணி அடிக்கும் சத்தம் வரும். டக், டக், டக், டக். ஓர் இடைவெளி. பிறகு சற்றுத் தாமதமாக, கொஞ்சம் பலமாக, இன்னொரு டக். லென்ஸ்காரர் முதல் தடவை இதைக் கேட்டபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "டேய், இது என்ன தெரியுதா? நாலு அடியும் நாலு சுவர். மனுஷன் வீட்டக் கட்டிட்டான். அஞ்சாவது அடி ஏன் லேட்டாகுது? அவன் தயங்கறான்! இந்த வீட்டுக்குள்ளதான் வாழணுமான்னு யோசிக்கறான்!" என்று ஒரு மணி நேரம் விளக்கினார். குழுவினர் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். நர்ஸ் அவன் காலை மிதித்தாள்.

இதற்கு நடுவில் டீச்சர் ஒரு விஷயத்தை நமக்கு ஞாபகப்படுத்துவார். அந்த 'படிக்கட்டு' வெளிவந்த அன்று, "ஒத்திகையில இதைவிட நல்லா இருந்துச்சு" என்று சொன்னவரும் இதே லென்ஸ்காரர்தான். இதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அவருக்கு ஆதாரம் பிடிக்காது.

மூன்று வருடங்கள் போயின. குழுவினர் இந்தத் தடவை முறையான ஸ்டுடியோவுக்குப் போய், மெத்தையும் போர்வையும் இல்லாமல், ஆளுக்கொரு மைக்கில் இரண்டாவது ஆல்பத்தைப் பாடினார்கள். பதினொரு பாட்டு. பெயர் 'லிஃப்ட்'. வெளிவந்த வாரமே பற்றிக்கொண்டது. பஸ்ஸில் பாடியது, சலூனில் பாடியது, டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் பாடியது. பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கி எழுதின. வானொலி அறிவிப்பாளர் இந்த வருடத்தின் ஆல்பம் என்றார், அதுவும் வருடத்தில் ஏழு மாதம் பாக்கி இருக்கும்போது. அப்பா பேச ஆரம்பித்தார். அம்மா ஆனந்தத்தில் அழ ஆரம்பித்தார்.

லென்ஸ்காரர் என்ன செய்தார்? நின்றபடியே, இயர்போனை ஒற்றைக் காதில் மாட்டி, இரண்டரைப் பாட்டு கேட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போதும். புரிஞ்சிடுச்சு."

"இன்னும் எட்டரைப் பாட்டு இருக்குங்க" என்றார் டீச்சர். கணக்கு அவருக்குத் தவறாது.

"ஒரு பானை பாயசம் கெட்டுப்போச்சான்னு பார்க்க முழுசையுமா குடிக்கணும்?"

"கெட்டுப்போச்சா?"

"நான் குறை சொல்லல. சுத்தமா இருக்கு. ரொம்பச் சுத்தமா இருக்கு. அதான் பிரச்சினையே. அந்த ஆணிச் சத்தம் எங்கே? சொல்லு. அந்த ஆணி எங்கே போச்சு?"

டீச்சர் விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். லென்ஸ்காரருக்கு வலித்தது. அதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவலாளி, 'லிஃப்ட்'டின் இரண்டாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, "இதைக் கேட்டீங்களா சார்? யாரோ புதுசா வந்திருக்கற பசங்களாம். நீங்க கேக்கணும் சார்" என்று சொல்லியிருந்தார். யாரிடம் சொல்கிறார்! மூன்று வருடமாக, கண் தெரியாத ஜனங்களின் காதைப் பிடித்துத் திருகி இந்தக் குழுவை வளர்த்தவரிடம் சொல்கிறார். 'படிக்கட்டு' அவருடையதாக இருந்தது. 'லிஃப்ட்' எல்லோருடையதாகவும் இருந்தது. எல்லோரும் ஏறும் லிஃப்டில் தனக்கென்ன இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் படியில் உட்கார்ந்துகொண்டார்.

மச்சினன் பத்து நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு நேரில் வந்தான்.

"அத்தான், ஆல்பம் கேட்டீங்களா?"

"ம்."

"ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது அத்தான். நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"ஊர் சொல்லுதில்ல? அப்புறம் நான் எதுக்கு?"

"கடைசிப் பாட்டு?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் லென்ஸ்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. அவர் பொய் சொல்லும்போதுதான் கண்ணாடி அழுக்காகும்.

மச்சினன் அந்த வாயையே பார்த்தான். வீடே கத்தியபோது "நீ நல்லா எழுதறடா" என்று சொன்ன ஒரே வாய் அது. பத்திரிகை எத்தனை பக்கம் எழுதினால்தான் என்ன, அந்த வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை வராதவரை அவனுக்கு ஆல்பம் முடிந்ததாகவே இல்லை. அதை அவனால் கேட்டு வாங்கவும் முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நூலகத்து ஹால்ல ஒரு கூட்டம் வச்சிருக்கோம். ஆல்பத்தைப் பத்திப் பேசறாங்க. நீங்கதான் முதல்ல பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

முதல்ல! அந்த வார்த்தையில் லென்ஸ்காரர் உருகிவிட்டார். சனிக்கிழமை முழுக்கக் குறிப்பு எழுதினார். "கடைசிப் பாட்டையாவது ஒரு தடவை கேட்டுட்டுப் போங்களேன்" என்று டீச்சர் இரண்டு முறை சொன்னார். அவர் காதில் விழவில்லை, 'படிக்கட்டு' ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் அறுபது நாற்காலி, நூறு பேர். மேடையில் குழுவினர் மூன்று பேர், ஓரத்தில் ஒரு ஸ்பீக்கர். முன்வரிசையில் டீச்சர். அவரைச் சுற்றி லென்ஸ்காரருக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன, அல்லது அவரைத் தெரிந்த காதுகள் இருந்தன என்று சொல்லவேண்டும். தபால்காரர் வந்திருந்தார். கண் அறுவைக்கு முன் இரண்டு தடவை 'படிக்கட்டு' கேட்ட தையல்கார அம்மாவும் வந்திருந்தார்.

லென்ஸ்காரர் மைக்கைப் பிடித்தார். பிடித்தார் என்றால், விடவில்லை. இருபத்தைந்து நிமிடம் முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேசினார். மெத்தையைப் பற்றி, போர்வையைப் பற்றி, வியர்வையைப் பற்றி, நர்ஸ் மூச்சு வாங்கிய ஒரே ஒரு இடத்தைப் பற்றி. இரண்டாவது ஆல்பத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நான் குறை சொல்லல" என்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

தையல்கார அம்மா கையைத் தூக்கினார். "சார், எனக்கு அந்தப் பதினோராவது பாட்டு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

ஒரு கணம் லென்ஸ்காரர் கண்ணாடியைத் துடைத்தார். 'கேட்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் ஆல்பக்காரர்களின் அகராதியில் அந்த வார்த்தை அச்சாகவில்லை.

"பதினோராவது பாட்டு... அது, பத்தோட நிறுத்தினா நல்லா இருக்காதேன்னு போட்ட பாட்டு. ரொப்பறதுக்குப் போட்டது. அதுல உயிர் இல்ல. சத்தியம் இல்ல. 'படிக்கட்டு'ல அந்த ஆணிச் சத்தம் இருக்கு பாருங்க..." என்று மேஜையில் விரலை மடக்கித் தட்டிக்காட்டினார். டக், டக், டக், டக். இடைவெளி. டக். "அந்தத் தயக்கம்! அது மாதிரி ஒண்ணை இந்தப் பாட்டுல காட்டுங்க பார்ப்போம்!"

பின்வரிசையில் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்து, இருமல்போல் மாற்றிக்கொண்டார். நர்ஸ் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பேக்கரிக்காரன் கையை நீட்டி ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினான்.

பதினோராவது பாட்டு ஆரம்பித்தது.

டக், டக், டக், டக். இடைவெளி. டக். அதையடுத்து, இதுவரை எந்த ஆல்பத்திலும் வராத ஒரு குரல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக: "ஐயோ, அம்மா!"

லென்ஸ்காரருக்கு அந்தக் குரலைத் தெரியும். நாற்பத்தாறு வருடமாகத் தெரியும். அவர் பார்வை தானாக இடது கட்டைவிரலுக்குப் போனது. நகம் இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

மேலே பாட்டு ஓடியது, மச்சினனின் குரல்:

வேலையப் பாருன்னு வீடே கத்துச்சு,
வேற ஒரு கைதான் ரூம் சாவி தந்துச்சு.
ஸ்பீக்கர் வைக்கணும், பலகை இல்ல,
சுத்தியல் எடுத்தாரு, சொல்லவே இல்ல.
நாங்க இங்க பாட, அவரு அங்க அடிக்க,
நிறுத்துங்கன்னு சொல்ல மனசே இல்ல.
அத்தான் அடிச்ச ஆணி இன்னும் ஆடல,
அதுல தொங்கற நாங்களும் விழல.

நாலு சுவருமில்லை, தயக்கமுமில்லை. பக்கத்து அறையில், மைக் ஓடுவது தெரியாமல், இவர்களுடைய ஸ்பீக்கரை வைக்கப் பலகை ஒன்று மாட்டிக்கொண்டிருந்த மனிதர், ஐந்தாவது அடியில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். அவ்வளவுதான். முதல் ஆல்பத்தில் அந்த அலறலை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஆணிச் சத்தத்தையும் நீக்கவேண்டுமென்றால் இன்னொரு நாள் பாடவேண்டியிருந்தது, விட்டுவிட்டார்கள். அவர் அதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொன்ன பிறகு, உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? மூன்று வருடம் யோசித்து, கடைசியில் பாட்டாகவே சொல்லியிருந்தார்கள். அதைத்தான் அவர் நூறு பேர் நடுவில் உயிரில்லை என்று சொல்லியிருந்தார்.

பாட்டு முடிந்தது. லென்ஸ்காரர் மேடையிலேயே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கில் அவர் சொன்னது, அந்த இனத்தின் சரித்திரத்திலேயே இல்லாத ஒன்று.

"நான் இதைக் கேக்கல. ரெண்டரைப் பாட்டுக்கு மேல கேக்கவே இல்ல."

"தெரியும் அத்தான்" என்றான் மச்சினன், நிமிர்ந்து. "அக்கா அன்னிக்கே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமாடா என்னைப் பேசக் கூப்பிட்ட?"

"வேற எப்படி உங்களைக் கேக்க வைக்கறது? உக்கார வச்சு, கதவைச் சாத்தி, எழுந்து போக முடியாம பண்ணணும். இது நீங்க சொல்லிக்கொடுத்த வழிதானே?"

"சொட்டு மருந்து மட்டும்தான் விடல" என்றாள் நர்ஸ். முன்வரிசையில் தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு லென்ஸ்காரரை டீச்சருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பாட்டிலிருந்து பதினோராவது பாட்டுவரை ஓடவிட்டார்கள். அவர் யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது பாட்டில் கால் தாளம் போட்டது. ஏழாவதில் நர்ஸ் மூச்சே விடாமல் பாடி முடித்தபோது, "அடேயப்பா" என்றார், மெதுவாக, தனக்குத்தானே. பதினோராவது பாட்டில் டீச்சர் தன் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அவர் அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்தார்.

சத்தம் அடங்கியது. மச்சினன் மேடையை விட்டிறங்கி அவர்முன் வந்து நின்றான். மூன்று வருடத்துக்கு முன், முதல் பாட்டை எழுதிய காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றானே, அதே நிற்பு.

"எப்படி இருக்கு அத்தான்?"

"நல்லா இருக்குடா" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. முதல் ஆல்பத்தைவிட நல்லா இருக்கு."

ஹால் முழுக்கக் கைதட்டியது. மச்சினன் சிரித்தான்; கண் கலங்கியிருந்தது. லென்ஸ்காரர் அவன் தோளைப் பிடித்து அருகில் இழுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை லேசாக இடுக்கினார்.

"ஆனா ஒண்ணு."

கைதட்டல் நின்றது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்த 'ஐயோ அம்மா' இருக்கே, நான் குறை சொல்லல, ஆனா அன்னிக்கு நேர்ல கத்தினேன் பாரு, அதுல இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருந்துச்சு. நீங்க கேட்டிருக்கணும்."

அதை யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அசலைக் கிட்டே இருந்து கேட்ட ஒரே ஆள் உண்மையிலேயே அவர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி. இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயாவது உங்கள் கண் லேசாக இடுங்கவில்லையா? நாக்கு நுனியில் ஒரு 'உச்' எட்டிப்பார்க்கவில்லையா? 'ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, அந்த முடிதிருத்தும் கடை, அந்தச் சூரியன்... போகப் போகத்தான்...' என்று உள்ளே ஒரு குரல், குறையாக இல்லை, சும்மா, சொல்லிக்கொண்டே வரவில்லையா?

அப்படியென்றால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உங்கள் இடது கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.